மறுப்பாளர் நாற்காலி

எங்கள் பண்டைத் தத்துவத் துறைக்கு ஒரு மூத்த பேராசிரியரைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. 'எங்களுக்கு' என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, துறையில் இருப்பதே இரண்டு பேர்தான். ஒருவர் துறைத்தலைவர், இன்னொருத்தி நான். தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஒருவகையில்'. எதைக் கேட்டாலும் "ஒருவகையில் பார்த்தா" என்று ஆரம்பிப்பார். பிறகு இன்னொரு வகையிலும் பார்ப்பார். வகைகள் தீர்வதற்குள் மணி அடித்துவிடும். மிக நல்ல மனுஷர். ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டார். அடிக்கலாமா கூடாதா என்று இன்னும் முடிவாகவில்லை.

நான் தற்காலிக விரிவுரையாளர். சேர்ந்தபோது என் மகளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. இப்போது அவள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள், நான் இன்னும் தற்காலிகம்தான். என் நாத்தனார் எப்போது வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன அண்ணி, பர்மனன்ட் ஆயிடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்பாள். அந்த அக்கறைக்கே அவளுக்கு ஒரு நாள் நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

மூத்த பேராசிரியர் இடம் வெகுநாளாகக் காலி. இந்தப் பருவம் முடிவதற்குள் அதை நிரப்பாவிட்டால் எங்கள் துறையை மேலாண்மைத் துறையோடு சேர்த்துவிடுவேன் என்று துணைவேந்தர் சொல்லிவிட்டார். சேர்த்தால் தலைவருக்கு ஒன்றும் இல்லை, அவர் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார். நான்தான் 'அலுவலகத்தில் இனிமையாகப் பழகுவது எப்படி' என்ற பாடத்தை நடத்த வேண்டும். என்னோடு அரைநாள் பழகியவர்கள்கூட இனிமை என்ற சொல்லை என் பக்கத்தில் வைக்க மாட்டார்கள்.

பயம் வேலையைப் பற்றி மட்டும் இல்லை. செத்துப் பல நூற்றாண்டு ஆன ஒருவரின் கேள்வியை எடுத்து வகுப்பில் போடுவேன். பின்வரிசையில் கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை சட்டென்று தலை நிமிரும். அதைப் பார்ப்பதற்காகத்தான் தினமும் காலையில் நசுங்கிப் பிதுங்கிப் பேருந்தில் போகிறேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஆட்கள் வராமல் இல்லை. பற்றற்ற வாழ்க்கையைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதிய ஒருவர் வந்தார். வந்ததும் வராததுமாக என் அறையைவிடத் தன் அறை பெரியதாக இருக்குமா என்று கேட்டார். பிறகு சோபா கேட்டார். பிறகு அந்த சோபா என்ன நிறம் என்று கேட்டார். அவரை அனுப்பிவிட்டு ஐயவாதத்தில் கரைகண்ட இன்னொருவரை அழைத்தோம். "வேலை கொடுத்தா சேருவீங்களா?" என்றேன். "சேருவேன்னும் சொல்ல முடியாது, சேர மாட்டேன்னும் சொல்ல முடியாது" என்றார். தலைவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இரண்டு பேரும் மதியம் வரை அதையே பேசிவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டு பிரிந்தார்கள். சேருகிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாகத்தான் ஒரு மூத்த அம்மையார் விண்ணப்பித்தார். பழங்கால வாத நூல்களில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. யார் எந்தச் சபையில் எப்படி வாதாடினார்கள், எந்த வாதம் எங்கே வழுக்கியது என்பதையெல்லாம் நேற்று பக்கத்து வீட்டில் நடந்த சண்டையைச் சொல்வதுபோலச் சொல்லக்கூடியவர். நான் மாணவியாக இருந்தபோது அவருடைய நூலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஏன் எங்கள் துறைக்கு விண்ணப்பித்தார் என்றால், அவருடைய மகள் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாளாம். வாடகை குறைவாக ஒரு வீடு வந்தால்கூடக் கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்க்கிற நான், இவ்வளவு பெரிய ஆள் எப்படி இன்னும் காலியாக இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

இங்கே எங்கள் துறையின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துறையைத் தொடங்கிய மகானுபாவர், எந்த முடிவும் எதிர்ப்பைச் சந்திக்காமல் எடுக்கப்படக் கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மேசையின் கோடியில் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காருகிறவர் மறுப்பாளர். அவருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, வந்த விஷயத்தை எதிர்த்துத்தான் பேச வேண்டும். அதற்கு எதிர்த்தரப்பு பதில் சொல்லாவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. மறுப்பாளரே மனம் மாறி மறுப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அறையில் இருக்கும் யாராவது உடைத்துவிட்டால் மறுப்பு பழையபடி எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வழக்கத்தின் புண்ணியத்தில் எங்கள் ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. புதுக் கரும்பலகை கிடையாது. போனமுறை தலைவர் உட்கார்ந்து பலகையை மறுத்தார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தமுறை நாற்காலி என் பங்குக்கு வந்தது. உலகத்தில் யார் வர வேண்டும் என்று நான் தவம் கிடந்தேனோ, அவரை எதிர்த்து நானே பேச வேண்டும்.

என் வீட்டுக்காரர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கிறவர். நேர்காணல் அன்று காலை, சாப்பாட்டு மேசையில் யாருடைய கீழ்த்தாடையையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே என் புலம்பலைக் கேட்டார்.

"இதுக்கு ஏன் இப்படி மாஞ்சு போற? சப்பையா ஏதாவது சொல்லிட்டு உட்காந்துடு" என்றார்.

"மறுப்பு சொல்லணும்னா மனசாரச் சொல்லணுங்க. அதுதான் வழக்கம்."

"மனசார சப்பையா சொல்லு. அவங்க ஒரே போடா போட்டுட்டு வேலைய வாங்கிக்கட்டும்."

எங்கள் வீட்டில் தத்துவம் படித்தவள் நான்தான், ஆனால் வழி சொல்கிறவர் எப்போதும் அவர்தான். பேருந்தில் போகும்போதே மூன்று மறுப்புகளைத் தயார் செய்தேன். மூன்றும் நொண்டி. ஊதினால் விழுந்துவிடும்.

நேர்காணல் எங்கள் மூலை அறையில். துணைவேந்தரின் சார்பில் மேலாண்மைத் துறைத்தலைவர் வந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரை 'மேலாண்மை' என்றுதான் சொல்வோம். இஸ்திரி கலையாத மனுஷர். எங்கள் அறை எப்போது கைக்கு வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். போன வாரமே ஒரு ஆளை அளவுநாடாவோடு அனுப்பி, காபி மெஷின் எந்தச் சுவரோரம் நிற்கும் என்று பார்த்துவிட்டார். அளந்துகொண்டிருந்த இடத்தில் நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அம்மையார் வந்தார். குள்ளமாக, வெள்ளைத் தலையோடு, தோளில் கனமான பையோடு. படி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கோடியில் இருந்த என்னைப் பார்த்து, "நீங்கதான் மறுப்பாளரா? இந்த வழக்கத்தைப் பத்திக் கேள்விப்பட்டுதான் ஆசையா வந்தேன்" என்றார். எனக்கு உள்ளுக்குள் உருகிவிட்டது.

நான் எழுந்து மூன்றையும் ஒப்பித்தேன். அம்மையாருக்கு முழங்கால் வலி, எங்கள் துறையோ மாடியில். அம்மையாருடைய கையெழுத்து கரும்பலகையில் புரியுமா என்பது சந்தேகம். அம்மையாருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று கேள்வி, எங்கள் தலைவருக்கோ காற்றுப் பட்டால் சளி பிடிக்கும். சொல்லி முடித்து உட்கார்ந்தேன். மேலாண்மை கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதாங்க."

"இதுக்குப் பதில் சொன்னா எனக்குத்தான் அசிங்கம். நான் படிக்கற நூல்கள்ல ஒரு முறை இருக்கு. எதிராளியோட கட்சியை அவங்களவிட பலமா நாம எடுத்து வைக்கணும். அவங்களே கேட்டுட்டு, ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்னு ஒத்துக்கணும். அப்புறம்தான் பதில். உங்க கட்சியை நான் கொஞ்சம் சரிபண்ணித் தரட்டுமா?"

"வேண்டாங்க, பரவால்லை" என்றேன்.

"ஒருவகையில் பார்த்தா, அது ரொம்ப நல்ல முறை" என்றார் தலைவர், நோட்டைத் திறந்துகொண்டே.

அம்மையார் எழுந்தார். எழுந்ததும் முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ.

"முழங்காலை விடுங்க. நீங்க சொல்லியிருக்க வேண்டியது இது. இந்த அம்மா ஓய்வுக்குப் பக்கத்துல இருக்காங்க. இன்னைக்கு எடுத்தா, அந்த நாற்காலி சூடு ஆறறதுக்குள்ள மறுபடி காலியாகும். நீங்க மறுபடி இதே மேசையில உக்காந்திருப்பீங்க. ரெண்டாவது, இவங்களுக்குக் கொடுக்கற சம்பளத்துல சின்ன வயசுக்காரங்க ரெண்டு பேரை நிரந்தரமாவே வெச்சுக்கலாம். மூணாவது, இவங்ககிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்த யாரும் ஒழுங்கா முடிச்சதில்லை. அவங்க என்ன எழுதிட்டு வந்தாலும் இவங்க எதிர்வாதம் சொல்லிச் சொல்லி, பாவம், ஓடிட்டாங்க. ஒருத்தர் இப்ப கப்பல் கம்பெனியில நல்ல நிலைமையில இருக்கார்."

மேலாண்மை கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நாலாவது, இவங்க இங்க வர்றது துறைக்காக இல்லை, மகளுக்காக. மாப்பிள்ளைக்கு நாளைக்கே வேற ஊருக்கு மாத்தலானா இவங்க இங்க இருப்பாங்களான்னு இவங்களுக்கே தெரியாது. கடைசியா ஒண்ணு, அதுதான் முக்கியம். உங்களுக்குத் தத்துவத்துல பேர் வாங்கினவங்க வேணுமா, தத்துவம் சொல்லித்தர்றவங்க வேணுமா? இந்த அம்மா முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு வகுப்பு எடுத்தே ரொம்ப காலம் ஆச்சு." என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, நீங்க சொல்ல வந்தது இதுதானே?"

நான் சொல்ல வந்தது முழங்காலைப் பற்றி. ஆனால் அவர் சொன்னது எங்கேயும் விரல் நுழைக்க இடம் இல்லாமல் இருந்தது. வேறு வழியின்றித் தலையாட்டினேன். தலைவர் நோட்டில் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். பேத்தி மேடை ஏறிப் பாடுவதைக் கேட்பவர்போல முகம் பூரித்திருந்தது. என் கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தது. என் வேலை போய்க்கொண்டிருந்தது.

"இப்ப பதில்" என்றார் அம்மையார். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "அனுபவம்னு ஒண்ணு இருக்கு, அதைச் சின்ன வயசுக்காரங்ககிட்ட எதிர்பார்க்க முடியாது. இதை நான் சொன்னா நீங்க உடனே கேட்கணும், அனுபவம் வேற, பழகிப்போனது வேற, இவங்ககிட்ட இருக்கறது எதுன்னு."

"நான் கேட்கலைங்க."

"கேட்கணும்மா" என்று கண்டித்தார். "கேட்டா என்கிட்ட பதில் இல்லை. சரி, அது போச்சு. வேற பார்ப்போம்."

பொறுக்க முடியாமல் நான் குறுக்கே விழுந்தேன். "உங்க நூல்களால எங்க துறைக்குப் பேர் வருமே?"

"நீங்க மறுப்பாளர், என் பக்கம் பேசறது முறையில்லை. அதோட அந்த வாதமும் சரியில்லை. நூல் ஏற்கெனவே வந்தாச்சு. நான் இங்க வந்து உக்காந்தா அது இன்னொரு தடவை வராது."

இப்படியே இன்னும் சில பதில்களை அவரே எடுத்தார், அவரே அடித்தார். ஒவ்வொன்றும் விழ விழ அவர் முகத்தில் களை கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் நின்றார்.

"இல்லை. இதுக்குப் பதில் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே வடிந்தது. மெதுவாக உட்கார்ந்து பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "போன இடத்துலயும் இப்படித்தான் ஆச்சு. அதுக்கு முந்தின இடத்துலயும்" என்று யாரிடமும் இல்லாமல் முணுமுணுத்தார். "இந்தத் தடவை சும்மா இருன்னு என் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினா."

"நான் வந்ததுலேருந்து கேட்ட மறுப்புகள்லயே இதுதான் அழகு" என்றார் தலைவர், கண்கள் பளபளக்க. துறை போய்க்கொண்டிருப்பது அவருக்கு இன்னும் எட்டவில்லை.

மேலாண்மைக்கு நன்றாகவே எட்டியிருந்தது. ஃபைலை மூடினார். "அப்ப மறுப்பு நிக்குது. வேற ஆளைக் கூப்பிட நாளும் இல்லை. துணைவேந்தர்கிட்ட நான் சொல்லிடறேன். வாழ்த்துகள் மேடம், நீங்க ஜெயிச்சுட்டீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த வாழ்த்தின்மேல், தலைவரின் நோட்டின்மேல், எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த அந்த மகானுபாவரின்மேல், எல்லாவற்றையும்விட மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின்மேல். ஒருவர் இவ்வளவு படிக்கலாமா? தான் உட்கார்ந்திருக்கிற கிளையைத் தானே வெட்டிவிட்டு, வெட்டு சுத்தமாக விழுந்ததா என்று குனிந்து பார்க்கிற அளவுக்கு ஒருவர் நேர்மையாக இருக்கலாமா?

"நான் மறுப்பைத் திரும்பப் பெறறேன்" என்றேன்.

தலைவர் நிமிர்ந்தார். "காரணம் சொல்லணும்."

"எனக்கு இவங்க வேணும்."

"வேணும்ங்கறது காரணத்துல சேராதும்மா" என்று அம்மையார் ஆரம்பித்தார். "ஒருத்தருக்கு ஒண்ணு வேணும்ங்கறதால அது..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். என் தலையணைக்கு அடியில் இருந்த நூலை எழுதியவரிடம் அப்படிப் பேசுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"இவங்க சொன்னது அத்தனையும் சரி. என்கிட்ட ஒண்ணுக்கும் பதில் இல்லை. ஆனா இவங்க எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சதுலேருந்து, என் வேலை போகுதுன்னு தெரிஞ்சும், அடுத்து என்ன சொல்லப்போறாங்கன்னு கேட்க எனக்கு ஆசையா இருந்துச்சு. என் தலையில இடி விழறதை நானே வாயைப் பொளந்துட்டுப் பார்த்தேன். நான் இந்தப் பாடத்தைப் படிக்க வந்ததே இந்த ஆசைக்காகத்தான். அது எங்கயோ போயிடுச்சு. வீட்டுல கேட்கறவங்களுக்கு, பர்மனன்ட் ஆயிடும், பர்மனன்ட் ஆயிடும்னு சொல்லிச் சொல்லி எதுக்கு வந்தேங்கறதே மறந்துபோச்சு. இன்னைக்கு இவங்க அதை எடுத்துக் கையில கொடுத்துட்டாங்க. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு இவங்க வகுப்பு எடுக்கணும். பின்வரிசையில நான் உக்காந்து கேட்கணும். எனக்கு இவங்க வேணும், அவ்வளவுதான். வாதம் எதுவும் இல்லை."

சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. தத்துவத் துறையில் இப்படிப் பச்சையாக யாரும் பேசுவதில்லை. மேலாண்மை மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். வகைகளையெல்லாம் அன்று விட்டுவிட்டார். "காரணம் சொல்லப்பட்டாச்சு. இதை யாராவது உடைச்சா மறுப்பு மறுபடி நிக்கும். யாரும் உடைக்கலைன்னா பேராசிரியர் நமக்கு வந்தாச்சு. நீங்க ஏதாவது சொல்றீங்களா சார்?"

மேலாண்மை வாயைத் திறந்தார். அவர் கண் ஒருமுறை காபி மெஷின் சுவருக்குப் போய்த் திரும்பியது. "வேணும்னு நேரா சொல்றவங்ககிட்ட என்னத்தச் சொல்றது? எங்க துறையில இதுக்குப் பேர்தான் டிமாண்ட். நாங்க அதோட எல்லாம் சண்டை போடறதில்லை."

தலைவர் அம்மையார் பக்கம் திரும்பினார். அறையில் இருக்கிற யாரும் என்றால் அவரும்தான். வழக்கம் அப்படி. "உங்ககிட்ட இதுக்கு மறுப்பு இருக்கா?"

அந்த அம்மாவைப் பற்றி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இருக்கு" என்றார் அம்மையார். "ரெண்டு இருக்கு. ரெண்டும் பலமானது."

தலைவர் ஆவலோடு பேனாவை எடுத்தார். அம்மையார் அந்தப் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார். முதல்முறை பொய் சொல்லப்போகிற பிள்ளையைப் போல முகம் சிவந்துவிட்டது.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஏன்?" என்று கேட்டார் தலைவர். கண்ணெதிரே ஒரு வாதம் வீணாவதை அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கும் வேணும்" என்றார்.